சும்மா ஓடிய நானூறு மணி

ஸ்லாவ்னா, சஸ்காச்சுவான்
2 டிசம்பர் 1974

அன்புள்ள தனிலோ அண்ணாவுக்கு,

தங்கை தெக்லா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீயும் லெஸ்யா அண்ணியும் இருமல் சளி இல்லாமல் இருக்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் யோசிப்பின் நாற்பதாம் நாள் பூசை போன புதன்கிழமை முடிந்தது. முப்பத்தெட்டு பேர் வந்தார்கள். பிரோஹிக் கொழுக்கட்டை போதவில்லை. ஹன்யா சவ்சுக் தன் வீட்டுக்கு ஓடிப்போய் இன்னும் இரண்டு தட்டு கொண்டுவந்தாள். சாமியார் அவரைப் பற்றி நன்றாகத்தான் பேசினார் என்கிறார்கள். நான் அந்த நேரம் காப்பிக்கு வெந்நீர் போதுமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பாத்திரம் கழுவும்போது ஹன்யா சொன்னாள். "ஒரு தடவ அழுதுடு தெக்லா. உள்ளயே வெச்சிருந்தா ஜாடியில போட்ட முட்டைக்கோஸ் மாதிரி புளிச்சுப் போயிடும்."

"வந்தா அழமாட்டேனா? வரலையே," என்றேன்.

அவள் புருஷன் பிலீப் எங்கள் முந்நூற்று இருபது ஏக்கரையும் குத்தகைக்குக் கேட்கிறார். பக்கத்து வயல்காரர், நல்ல மனிதர்தான். "மே இருபதுக்குள்ள ஒரு வார்த்த சொல்லிடும்மா. விதை எடுத்து வைக்கணும்," என்றார். நானே விதைப்பேன் என்றேன். சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

ஹாமில்டனுக்கு வந்து உன்னோடு இருந்துவிடச் சொல்லி எழுதியிருந்தாய். இந்த வசந்தத்தில் என்னால் விதைக்க முடிந்தால் இங்கேயே இருப்பேன். முடியாவிட்டால் வந்துவிடுகிறேன். நிலம் கைமாறிய பிறகு இந்த வீட்டில் எனக்கு என்ன வேலை?

டிராக்டரைப் பனிக்காலத்துக்கு எப்படி வைப்பது என்று எழுது. அதெல்லாம் அவர்தான் பார்ப்பார்.

தங்கை,
தெக்லா

ஹாமில்டன்
16 டிசம்பர் 1974

அன்புத் தங்கை தெக்லாவுக்கு,

இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. அங்கே விறகும் மாவும் இருப்பில் இருக்கும் என்று நம்புகிறேன். மாப்பிள்ளையின் அடக்கத்துக்கு நான் வராததை நினைத்தால் சோறு இறங்கவில்லை. ஆலையில் விடுப்புத் தரவில்லை. டீசல் எஞ்சின் பார்க்க என்னை விட்டால் ஆள் இல்லை என்று இவர்களுக்கு நினைப்பு.

டிராக்டர் விஷயம். ஆயிலைச் சூடாக இருக்கும்போதே வடித்துப் புதிது ஊற்று. டீசல் டாங்கை நிரப்பு. புகைக்குழாய் மேல் பழைய காப்பி டப்பாவைக் கவிழ்த்து வை. அவ்வளவுதான். பிறகு ஏப்ரல் கடைசி வரை அதைத் தொடாதே.

நம் ஊரில் பாதிப்பேர் ஒரு பைத்தியக்காரத்தனம் செய்வார்கள். 'பாவம், குளிரும்' என்று வாரத்துக்கு ஒருமுறை ஸ்டார்ட் செய்து, அரை மணி சும்மா ஓடவிட்டு அணைப்பார்கள். பால் கறக்காத மாட்டுக்குத் தீனி போடுவதாவது புண்ணியம். இது எஞ்சினுக்குச் செய்யும் துரோகம். பாரம் இழுக்காமல் ஓடினால் அது சூடே ஏறாது, உள்ளுக்குள் அழுகும். நீ அதைச் செய்யாதே.

லெஸ்யா உன்னை ரொம்பக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

அண்ணன்,
தனிலோ

ஸ்லாவ்னா
9 ஜனவரி 1975

அன்புள்ள அண்ணாவுக்கு,

நம் பழைய காலண்டர்ப்படி கிறிஸ்து பிறந்த நாளின் வாழ்த்து. நான் நலம். நீங்கள் இருவரும் அப்படியே இருக்க வேண்டும்.

திருவிழிப்பு இரவுக்கு வழக்கமான பன்னிரண்டு வகைச் சாப்பாடு செய்யவில்லை. நான்கு செய்தேன். தேனும் கசகசாவும் போட்ட கோதுமைக் கஞ்சி, அந்தக் குத்தியா மட்டும் வழக்கம்போல். மனிதர் உட்காருவதற்கு முன்னால் மாட்டுக்கு முதல் கரண்டி கொடுக்க வேண்டும் அல்லவா? மாடுகளை விற்றதிலிருந்து யோசிப் அதை டிராக்டரிடம் கொண்டுபோவார். "இதுவும் இழுக்குற ஜாதிதானே, சாபம் விட்டுடப் போகுது," என்று எஞ்சின் மூடி மேல் ஒரு கரண்டி வைத்துவிட்டு வருவார். இந்த வருஷம் நான் வைத்தேன். காலையில் காக்கை தின்றிருந்தது.

வெளியே பூச்சியத்துக்குக் கீழே முப்பத்தெட்டு. நீ சொன்னபடி டப்பாவைக் கவிழ்த்துவிட்டேன். வண்டி தூங்குகிறது.

ஹன்யா தினமும் வருகிறாள். அவள் பேசுவாள், நான் கேட்பேன். அவள் போன பிறகு என்ன பேசினாள் என்று நினைவில் இருப்பதில்லை.

தெக்லா

ஹாமில்டன்
5 மார்ச் 1975

அன்புத் தங்கைக்கு,

நலம், உன் நலமே வேண்டும். இரண்டு மாதம் எழுதாததற்கு வேலைதான் காரணம். லெஸ்யாகூடத் திட்டினாள், தங்கைக்கு நாலு வரி எழுத வலிக்கிறதா என்று.

மேல்மாடி அறைக்குப் பச்சை வண்ணம் அடித்துவிட்டேன். ஜன்னலில் வெயில் விழும். திரைச்சீலை எந்த நிறத்தில் வாங்கலாம்? நீ வந்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. அறை இருக்கிறது என்று சொன்னேன்.

தனிலோ

ஸ்லாவ்னா
29 ஏப்ரல் 1975

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லாரும் சுகம்தானே? எனக்கு ஒன்றும் இல்லை. திரைச்சீலை எதுவானாலும் சரி.

பனி உருகிவிட்டது. சனிக்கிழமை டிராக்டரை வயலுக்கு எடுத்துப்போனேன். பின்னால் மண்கட்டி உடைக்கும் முள்பலகை மட்டும்தான் மாட்டியிருந்தேன், சின்னக் குதிரைகூட இழுக்கும் எடை. அரை நாளில் மூன்று டின் ஆயிலைக் குடித்துவிட்டது. போன வருஷம் முழு விதைப்புக்கும் அவர் இரண்டு டின்தான் ஊற்றினார். பின்னால் நீலப்புகை. குழாயின் ஓரத்தில் கறுப்பாக எண்ணெய் வழிந்து மூடி மேல் சொட்டுகிறது.

பிலீப் சவ்சுக் வேலியருகே வண்டியை நிறுத்திக் கேட்டார். "என்ன தெக்லா, கொசு வர்றதுக்கு முன்னாடியே புகை போடுறியா? இது டீசல்ல ஓடுதா, ஆயில்ல ஓடுதா?"

"ரெண்டும் குடிக்குது."

"குடிகாரன நம்பி விதைப்புல இறங்காதம்மா. கேட்டா கோவிச்சுக்காத, குத்தகைய யோசிச்சியா?"

மே இருபது வரை நாள் இருக்கிறது என்றேன். இந்த வண்டி வேலை செய்யாவிட்டால் எனக்கு வேறு வண்டி கிடையாது. என்ன செய்ய வேண்டும்?

தெக்லா

ஹாமில்டன்
4 மே 1975

தெக்லா,

உன் கடிதம் நேற்று கிடைத்தது. நலம் விசாரிப்பதையெல்லாம் பிறகு வைத்துக்கொள்வோம். இவற்றுக்கு உடனே பதில் எழுது.

ஆயில் அளவுக் கம்பியை எடுத்து மோந்து பார். டீசல் வாடை அடிக்கிறதா? இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தால் தண்ணீராக இருக்கிறதா? ரேடியேட்டரில் நீர் குறைகிறதா? கடைசியாக, மணி காட்டும் மீட்டரில் என்ன எண் இருக்கிறது? மாப்பிள்ளை ஒவ்வொரு அறுவடை முடிவிலும் அந்த எண்ணைக் கொட்டகைக் கதவில் பென்சிலால் எழுதிவைப்பார், நானே பார்த்திருக்கிறேன். இரண்டையும் எழுது.

ஆறு மாதம் தூங்கிய எஞ்சின் முதல் நாள் கொஞ்சம் ஆயில் அடிக்கும், சரி. அரை நாளில் மூன்று டின் என்பது தூங்கிய எஞ்சின் இல்லை.

தனிலோ

ஸ்லாவ்னா
9 மே 1975

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகமே. டீசல் வாடை அடிக்கிறது. தண்ணீராகத்தான் இருக்கிறது. ரேடியேட்டர் குறையவில்லை. இங்கே நல்ல வெயில், மண் சரியான பதத்தில் இருக்கிறது. மற்றவர்கள் கோதுமை விதைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அண்ணி ஏன் ஒரு வரிகூட எழுதுவதில்லை? என் மேல் வருத்தமா?

தெக்லா

ஹாமில்டன்
13 மே 1975

தெக்லா,

மீட்டர்?

தனிலோ

ஸ்லாவ்னா
17 மே 1975

அண்ணா,

கதவில் 2814. மீட்டரில் 3020.

நீ கணக்குப் போடுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். டப்பாவை நான் கவிழ்க்கவே இல்லை. பனிக்காலம் முழுவதும் காலையில் எழுந்ததும் எஞ்சின் ஹீட்டரின் வயரைச் சொருகுவேன். ஒரு மணி கழித்து ஸ்டார்ட் செய்வேன். பிறகு உள்ளே வந்து அடுப்படியில் உட்காருவேன்.

அக்டோபர் பத்தொன்பது காலையில் என்ன நடந்தது என்று யாருக்கும் நான் முழுதாகச் சொன்னதில்லை. அவர் முற்றத்தில் டிராக்டரை ஸ்டார்ட் செய்தார். நான் உருளைக்கிழங்கு அடை சுட்டுக்கொண்டிருந்தேன். எஞ்சின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சத்தம் இருந்ததால் அவரும் இருக்கிறார் என்று நினைத்தேன். அடை ஆறிப்போனபோது எனக்குக் கோபம்தான் வந்தது, பயம் வரவில்லை. ஒன்றேகால் மணி நேரம், அண்ணா. போய்ப் பார்த்தபோது முன்சக்கரத்தின் பக்கத்தில் கிடந்தார். எஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. "மாரடைப்பு. சீக்கிரம் பார்த்திருந்தாலும்..." என்று டாக்டர் தொடங்கினார். முடிக்கவில்லை.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் காலையில் முற்றம் ஊமையாக இருந்தது. என்னால் உட்கார முடியவில்லை. போய் ஸ்டார்ட் செய்தேன். சத்தம் வந்ததும் உள்ளே வந்து உட்கார்ந்தேன். சத்தம் இருந்தால் அவர் வெளியே ஏதோ வேலையாக இருக்கிறார். அவ்வளவுதான். அதற்கு மேல் நான் ஒன்றும் நினைப்பதில்லை. சில நாள் அரை மணி, சில நாள் மதியம் வரைக்கும். டீசல் கொண்டுவரும் ஆள் பிப்ரவரியில் கேட்டான், "என்னக்கா, டிராக்டர மெத்தையில படுக்க வெச்சு ஊட்டி விடுறீங்களா?" என்று. எனக்குச் சிரிக்கக்கூட வரவில்லை.

நீ செய்யாதே என்று எழுதியதைத் தெரிந்தேதான் செய்தேன். இப்போது நிஜத்தைச் சொல்லிவிட்டேன், நீயும் நிஜத்தைச் சொல். இந்த எஞ்சின் விதைக்குமா, விதைக்காதா? சவ்சுக் மாதக் கடைசி வரை பொறுக்கிறேன் என்றார். நீ என்ன சொல்கிறாயோ அதைச் செய்வேன்.

தெக்லா

ஹாமில்டன்
20 மே 1975

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நடந்தது உன் குற்றமில்லை. எஞ்சின் ஓடும்போது ஆள் நலமாக இருக்கிறார் என்றுதான் எந்தப் பெண்ணும் நினைப்பாள்.

கேட்டாய், சொல்கிறேன். சும்மா ஓடும்போது அந்த மீட்டர் பாதி வேகத்தில்தான் நகரும். இருநூற்று ஆறு என்று காட்டினால் நிஜத்தில் நானூறு மணிக்கு மேல் ஓடியிருக்கிறது. எரியாத டீசல் ஆயிலில் இறங்கி, அதைத் தண்ணீராக்கி, உள்ளே பேரிங்குகளைத் தின்றிருக்கும். எஞ்சின் முடிந்துவிட்டது. இனி பாரம் இழுத்தால் பிஸ்டன் கம்பி முறிந்து எஞ்சினின் பக்கவாட்டைக் கிழித்துக்கொண்டு வரும், நீ மேலே உட்கார்ந்திருப்பாய். ஒருமுறைகூட ஸ்டார்ட் செய்யாதே. பாட்டரி வயரைக் கழற்றிவிடு.

நிலத்தைச் சவ்சுக்குக்குக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டு வா. மஞ்சள் திரைச்சீலை வாங்கியிருக்கிறேன். லெஸ்யாவும் வழி பார்க்கிறாள்.

அண்ணன்,
தனிலோ

ஹாமில்டன்
28 மே 1975

தெக்லா,

விமானத் தபாலில் போடுகிறேன், சீக்கிரம் வந்து சேர வேண்டும். போன கடிதத்தில் எஞ்சின் பற்றி எழுதியது பொய்.

முன்பின் தெரியாத ஒருவன் ஆலைக்கு வந்து கேட்டிருந்தால் அவனிடம் என்ன சொல்லியிருப்பேனோ, அதை இப்போது சொல்கிறேன். பேரிங் போயிருந்தால் எஞ்சினுக்குள் டக்கு டக்கென்று தட்டும். நீ தட்டுவதாக ஒரு வரிகூட எழுதவில்லை. சும்மா ஓடியதால் பிஸ்டன் ரிங்குகளில் கரி அடைத்து ஒட்டிக்கொண்டிருக்கும், சிலிண்டர் சுவர் கண்ணாடி மாதிரி வழுக்கும். அதனால்தான் ஆயில் மேலே ஏறிப் புகையாகிறது. மருந்து ஒன்றுதான். ஆயிலை மாற்று. உள்ளதில் பெரிய கலப்பையை மாட்டு. காலையிலிருந்து மாலை வரை மூன்று நாள் அதன் முதுகு ஒடிய இழுக்க வை. பத்தில் எட்டு எஞ்சின் திரும்பிவிடும். இது எனக்கு இருபதாம் தேதியே தெரியும்.

ஏன் பொய் சொன்னேன் என்றும் எழுதிவிடுகிறேன். லெஸ்யா வான்கூவருக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இன்னொருவரோடு. உனக்கு எழுதிய கடிதங்களில் அவள் கேட்டதாக, சொன்னதாக எழுதியதெல்லாம் பொய். அடக்கத்துக்கு விடுப்பும் கொடுத்தார்கள். ரயில் டிக்கெட் வாங்கி ஸ்டேஷன் வரைக்கும் போனேன். 'லெஸ்யா எங்கே' என்று எல்லாரும் கேட்பார்களே என்று திரும்பி வந்துவிட்டேன். செத்தவருக்காக அழ வேண்டிய இடத்தில் என் மானத்தைப் பற்றி நினைத்தேன். இந்த வீட்டில் சாயந்திரம் வந்தால் பேச ஒரு ஆள் இல்லை. நீ தோற்றால் இங்கே வருவாய் என்று எழுதியிருந்தாய். அதனால் உன்னைத் தோற்கடிக்கப் பார்த்தேன்.

இதற்குள் நிலத்தைக் கொடுத்துவிட்டாயோ என்று நினைத்தால் தூக்கம் வரவில்லை. கொடுத்திருந்தால் சவ்சுக்கிடம் இந்தக் கடிதத்தைக் காட்டி என்னைத் திட்டு. திருப்பிக் கேள்.

தனிலோ

ஸ்லாவ்னா
6 ஜூன் 1975

அண்ணா,

நலம். இதுவரை எழுதிய 'நலம்' எல்லாம் வழக்கத்துக்கு எழுதியது. இதை யோசித்து எழுதுகிறேன்.

உன் இரண்டாம் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. முதல் கடிதம் இருபத்துநாலாம் தேதி சனிக்கிழமை வந்தது. படித்ததும் பாட்டரி வயரைக் கழற்றினேன். நீ சொன்னால் செய்வேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா?

ஞாயிறு காலை சத்தம் இல்லை. திங்களும் இல்லை. அடுப்பின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன், கையில் கரண்டி. வெளியே காற்று மட்டும். அவர் முற்றத்தில் இல்லை. எனக்குத் தெரியாதா என்ன? ஏழு மாதமாகத் தெரியும். திங்கட்கிழமைதான் அது எனக்குள் இறங்கியது. தரையில் உட்கார்ந்து அழுதேன். ஹன்யா வந்தாள். அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். செவ்வாயும் அழுதேன், புதனும் அழுதேன். முகம் மாவு மாதிரி வீங்கிவிட்டது.

வியாழக்கிழமை பசித்தது. ஆறு முட்டை பொரித்துத் தின்றேன். தின்று முடித்ததும் அப்படி ஒரு கோபம் வந்தது. அவர் கீழே கிடக்கும்போது இந்த இரும்பு ஒன்றும் தெரியாதது மாதிரி ஓடிக்கொண்டிருந்து என்னை ஏமாற்றியது. வயரைத் திரும்ப மாட்டினேன். கொட்டகையில் இருப்பதிலேயே கனமான கல்டிவேட்டர் கலப்பையைப் பின்னால் கொளுவினேன். கீழ்க்கோடியில் சதுப்பு ஓரத்துக் களிமண்ணுக்கு ஓட்டிப்போனேன். விதைப்பதற்காக அல்ல. முறியட்டும் என்றுதான். கிழித்துக்கொண்டு வரட்டும், என் மேலேயே வரட்டும் என்று முழு வேகத்தில் இழுக்கவிட்டேன்.

குழாயிலிருந்து தீப்பொறி பறந்தது. கரி கட்டி கட்டியாக வெளியே வந்து விழுந்தது. பிலீப் ஓடிவந்து கையை ஆட்டினார். "இறங்கு தெக்லா! பைத்தியம் புடிச்சிருச்சா உனக்கு? வண்டி செத்துரும்!"

"சாகட்டும்!" என்று கத்தினேன். இவ்வளவு சத்தமாக நான் கத்தி நானே கேட்டதில்லை.

சாகவில்லை. அன்றைக்கு நான்கு டின் குடித்தது. மறுநாள் இரண்டு. மூன்றாம் நாள் மாலை அளவுக் கம்பியை எடுத்துப் பார்த்தேன், அரை டின்கூடக் குறையவில்லை. புகை சுத்தமாக நின்றுவிட்டது. ஆயிலை மாற்றாமலேயே ஓட்டினேன், திட்டாதே, சனிக்கிழமை மாலை மாற்றிவிட்டேன்.

அப்போது பிலீப் புகைக்குழாயைப் பார்த்துக்கொண்டே நின்றார். "குத்தகை கிடையாதுதானே?" என்றார். கிடையாது என்றேன். "எனக்குத் தெரியும். கோதுமைக்கு நாள் தாண்டிப் போச்சு. என்கிட்ட பார்லி விதை இருக்கு, வந்து எடுத்துக்கோ. அறுத்ததும் குடு." நூற்று அறுபது ஏக்கரில் பார்லி போட்டேன், மீதி இந்த வருஷம் தரிசு. நேற்று மாலை ஐந்து மணிக்கு முடிந்தது.

நீ செய்தது பெரிய தப்பு. உன் பொய்யை நம்பி நல்ல பதத்தில் ஐந்து நாள் போனது. அந்த ஐந்து நாள் இல்லாவிட்டால் நான் இன்னும் காலையில் ஹீட்டர் வயரோடு நின்றிருப்பேன் என்பதும் நிஜம். அதனால் உன்னை மன்னிக்கவும் தெரியவில்லை, நன்றி சொல்லவும் வாய் வரவில்லை. பச்சை அறைக்கு யாரையாவது வாடகைக்கு வை. உனக்கும் பேச ஆள் கிடைக்கும்.

லெஸ்யா எங்கே என்று இங்கே யாரும் உன்னைக் கேட்க மாட்டார்கள். கேட்டால் பதில் சொல்ல நான் இருக்கிறேன். ஆகஸ்ட் கடைசி வாரம் அறுவடை. இந்த முறை ஸ்டேஷனிலிருந்து திரும்பிப் போகாதே.

யோசிப் இறந்துவிட்டார், அண்ணா. இங்கே ஒரு ஆள் குறைகிறது.

உன் தங்கை,
தெக்லா